ஐம்பத்து நான்கு விநாடி

பெட்டியின் மூடிக்குள் செருகியிருந்த காகிதத்தை நான் பிரித்துப் படித்தபோது செம்புக் கட்டி ஏற்கெனவே பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. இடது கையில் உப்புத்தாள், வலது கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. காகிதத்தில் ஒன்பது வரிகள். நான்காவது வரி தடித்த எழுத்தில் இருந்தது: கட்டியின் மேல் படிந்திருக்கும் கருமையைத் தேய்க்கவோ துடைக்கவோ கூடாது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ‘கூடாது’ என்றேதான் இருந்தது. எனக்கு முன்னால் நான்கு லேப்காரர்கள் மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி அனுப்பிய கருமை இப்போது என் பஞ்சில் அப்பியிருந்தது.

எங்கள் லேபில் ஒயர்களைக் கொளுத்திப் பார்ப்போம். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வேலை அதுதான். ஒயரைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, பர்னரின் சுடரைப் பதினைந்து விநாடி காட்டி விலக்கினால், ஒயரில் பற்றிய தீ அறுபது விநாடிக்குள் தானாக அணைய வேண்டும். அணைந்தால் பாஸ், அணையாவிட்டால் பெயில். இதில் சிக்கல் ஒயரில் இல்லை, சுடரில். சுடர் பெரிதாக இருந்தால் நல்ல ஒயரும் எரியும், சிறிதாக இருந்தால் சொத்தை ஒயரும் தப்பிக்கும். அதனால் கட்டைவிரல் நுனியளவு செம்புக் கட்டி ஒன்றைச் சுடருக்கு மேல் தொங்கவிட்டு, அது நூறு டிகிரியிலிருந்து எழுநூறு டிகிரிக்கு ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். ஐம்பத்து நான்கு ஆக வேண்டும். ரெண்டு விநாடி முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. எல்லா லேபிலும் இதே கணக்குத்தான். ஆனாலும் ஒரே ஒயர் ஒரு லேபில் பாஸ் ஆகும், இன்னொன்றில் பெயில் ஆகும். ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு கமிட்டி போட்டு, ஒரே கட்டியை ஏழு லேபுக்கும் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்தாவது. ஒவ்வொருவரும் தங்கள் சுடரில் அதைக் காட்டி, வந்த விநாடியை எழுதி அனுப்ப வேண்டும்.

துடைத்தது அவசரத்தில் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கட்டியை ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னாலும் பளிச்சென்று தேய்ப்பது இந்த லேபின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும். எனக்கு அது இன்னும் தோதாகப் போயிற்று, ஏனென்றால் எனக்கு அழுக்கு ஆகாது. பெட்டியைத் திறந்தேன், கன்னங்கரேலென்று ஒரு கட்டி, கை தானாக உப்புத்தாளைத் தேடிப் போய்விட்டது. பதினோரு வருஷத்துக் கை.

காஸ் சிலிண்டரும் குழாயும் பார்த்துக்கொள்ளும் மூத்த ஆள் ஒருவர் எங்களிடம் உண்டு. மீட்டர்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"துடைச்சாச்சா?"

"துடைச்சாச்சு."

"சரி விடுங்க. நாலு தடவை தீயில காட்டினா அதுவே பழையபடி கறுத்துடும். கறுப்புல இது பழைய கறுப்பு இது புதுக் கறுப்புன்னு எவன் பார்க்கப் போறான்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலையில்தான் எங்கள் சொந்தக் கட்டியைத் தேய்த்து, சுடரைச் சரிபார்த்து வைத்திருந்தேன். துடைத்த பாவத்தோடு இந்தக் கட்டியையும் அதே சுடரில் தொங்கவிட்டேன். ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு. மீட்டர்காரர் கையைத் தட்டினார். "அம்சமா வந்திருக்கு. எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன். அத்தோடு பெட்டியை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கட்டியைக் கறுப்பாக்க வேண்டுமே. ஆற விட்டு மறுபடி காட்டினேன். காட்டும்போது சும்மா நிற்பானேன் என்று விநாடியையும் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. மறுபடி, ஐம்பத்தொன்று. அடுத்தது ஐம்பது புள்ளி நான்கு. அதற்கடுத்ததும் ஐம்பது புள்ளி நான்கு. காஸ் மீட்டரில் முள் அசையவில்லை, சுடர் அதேதான். மாறியது கட்டியின் தோல் மட்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பளபளப்பான செம்பு சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கறுத்த செம்பு முழுசாக வாங்கிக்கொள்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் தினமும் என் கையில் இருக்கும் கட்டியும் செம்புதான் என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை. நாங்கள் தேய்த்துத் தேய்த்து அளந்தோம். தேய்த்த கட்டி சூடேற நேரம் எடுக்கும். உடனே சுடர் போதவில்லை என்று காஸைக் கூட்டி ஐம்பத்து நான்குக்குக் கொண்டுவருவோம். அப்படியானால் எங்கள் சுடர் இத்தனை வருஷமும் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. எங்கள் லேபுக்குக் கறார் லேப் என்று பெயர். அங்கே பாஸ் ஆனால் எங்கேயும் பாஸ் என்பார்கள். எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. கறார் என்று நினைத்ததெல்லாம் வெறும் உப்புத்தாள்.

உடனே நினைவுக்கு வந்தவர் ஒயர்காரர். சின்னப் பட்டறை வைத்து ஒயர் தயாரிக்கிறவர். ஒரு கட்டடக் கம்பெனி அவரிடம் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, எங்கள் லேப் சான்று வேண்டும் என்று கேட்டிருந்தது. மூன்று முறை கொண்டுவந்தார், மூன்று முறையும் பெயில். அறுபத்தெட்டு விநாடி, எழுபத்தொன்று, அறுபத்து நான்கு. எல்லாம் மயிரிழையில் போனவை. மூன்று ரிப்போர்ட்டிலும் என் கையெழுத்து. கடைசி முறை என் மேஜைக்கு முன்னால் நின்று, "வேற லேப்ல பாஸ் ஆச்சு மேடம். ஒரே ஒரு தடவை மறுபடி பாருங்களேன்" என்றார். "அப்ப அங்கேயே வாங்கிக்கோங்க" என்றேன் நான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாவது முறையாக நாளைக் காலை வருகிறார். இதுவும் பெயில் ஆனால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பெரிய சாரிடம் போனேன். எங்கள் தலைவர் நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர், அதனால் அவரோடு சண்டை போடுவது கஷ்டம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு யார் எதைத் துடைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துடைச்சா அம்பத்தி நாலு. துடைக்காட்டி அம்பது. எது சரின்னு நீங்களோ நானோ சொல்ல முடியுமா? அதைச் சொல்லத்தானே கட்டி ஊரைச் சுத்துது" என்றார்.

"காகிதத்துல துடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்."

"அது இந்தச் சோதனைக்கு. நம்ம முறை நம்ம முறை. கமிட்டி முடிவு வரட்டும், மாத்திக்குவோம். அது வரைக்கும் நேத்து பண்ணதையே இன்னிக்கும் பண்ணுவோம். நாளுக்கு ஒரு சுடர் வெச்சா அப்புறம் நம்மள யாரும்மா நம்புவாங்க?"

"அப்ப எந்த எண்ணை அனுப்பறது?"

"அம்பத்தி நாலு வந்திருக்கில்ல?" என்றார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் வெளியூர்க் கூட்டம் என்று பையில் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் கை நின்று நின்று போயிற்று. என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயந்த முகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவர் ஆதலால் என் முகத்தைப் படிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சொன்னேன். முதலில் சிரித்தார்.

"தேய்க்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆள் உண்டா? கல்யாணமான புதுசுல என் செருப்போட அடியைத் தேய்ச்சுக் கழுவினவளாச்சே நீ."

"விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பை நிறுத்திவிட்டு ஈரத் தட்டுகளை வாங்கி அடுக்கினார். "என் வண்டி கிளட்ச் கெட்டின்னு எல்லாரும் திட்டுவாங்க. ஆனா அதுல பழகினவன் வேற எந்த வண்டியையும் சுலபமா ஓட்டிடுவான். கொஞ்சம் கறாரா இருந்தா தப்பில்ல. யாருக்கு என்ன நஷ்டம்? மோசமான ஒயரைப் பாஸ் பண்ணி வீடு எரியலையே."

இதையேதான் மத்தியானத்திலிருந்து நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறினாலும் நல்ல பக்கம்தான் தவறியிருக்கிறோம், யார் வீடும் எரியவில்லை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உடனே ஒயர்காரர் என் மேஜைக்கு முன்னால் நின்றதும், நான் நிமிராததும் ஞாபகம் வரும்.

"உங்ககிட்ட படிக்கிறவனுக்கு வேற வண்டி இருக்கு. என்கிட்ட வர்றவங்களுக்கு இல்லையே" என்றேன். தேய்த்த சட்டியையே நான் மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

காலையில் முதல் வேலையாகக் கமிட்டியின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். காகிதத்தின் அடியில் எண் இருந்தது. பெண் குரல். லேப் பெயரைச் சொல்லி, "கட்டியைத் துடைச்சுட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்க லேப்ல எப்பவுமே துடைச்சிட்டுத்தான் அளப்பீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவும்."

"எத்தனை வருஷமா?"

"நான் பதினோரு வருஷமா. எனக்கு முன்னாடியும் அப்படித்தான்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. துடைத்ததும் வந்த எண், கறுத்த பிறகு வந்த எண், எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். "எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க, துடைச்சதையும் சேர்த்து. கறுத்து நிலைச்சப்புறம் வர்றதைத்தான் நாங்க எடுத்துக்கிறோம். உங்க சுடர் பெரிசும்மா. காஸைக் கொஞ்சம் குறைச்சாப் போதும், சரியாயிடும்."

"இதுவரைக்கும் கொடுத்த ரிப்போர்ட்டெல்லாம்?"

"அதை உங்க லேப்தான் முடிவு பண்ணணும்" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் சொந்தக் கட்டியை எடுத்தேன். தேய்க்காமல் ஐந்து முறை தீயில் காட்டிக் கறுக்க வைத்தேன். உப்புத்தாள் மேஜையில் கிடந்தது, கை அதன் பக்கம் போகாமல் இருக்கப் பஞ்சு டப்பாவோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மீட்டர்காரர் ஒன்றும் கேட்காமல் காஸைத் துளித் துளியாகக் குறைத்தார். ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. சுடர் முன்பைவிட அரை விரல் அளவு தணிந்திருந்தது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். "சாருக்கு நீங்கதான் சொல்லணும், நான் இல்ல" என்றார். சரி என்றேன்.

ஒயர்காரர் பத்து மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாலிதீன் பை. உட்காரச் சொன்னேன். இதற்கு முன் நான் அவரை உட்காரச் சொன்னதில்லை என்பது அவர் தயங்கி உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. பையிலிருந்து புது ஒயரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தத் தடவை நிச்சயம் பாஸ் ஆயிடும் மேடம். மேலுறைக் கலவையே வேற. மொதல்ல உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு, மறைக்கல. அப்புறம் யோசிச்சேன். மூணு தடவையும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா கோளாறு என் பொருள்லதான இருக்கணும்? நீங்க கறாரா இருந்ததாலதான் எனக்குக் கண்ணு தெறந்துச்சு."

"கலவையை யார் மாத்தினது?" என்று கேட்டு வைத்தேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நானேதான். முன்னாடி மச்சான் போட்டுக்கிட்டிருந்தான். என் சம்சாரத்தோட தம்பி. பட்டறை ஆரம்பிச்ச நாள்லேருந்து கூட இருந்தவன்." மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே பேசினார். "மூணாவது ரிப்போர்ட்டை அவன் முன்னாடி வெச்சேன். தீயை அணைக்கிற மருந்துல கை வெச்சியா, அளவைக் கொறைச்சு மிச்சத்த வெளிய வித்தியான்னு கேட்டேன். ஆளுங்க முன்னாடியே கேட்டேன். இல்ல மாமா, குழந்தைங்க மேல சத்தியம்னு அழுதான். ரிப்போர்ட் பொய் சொல்லுமாடான்னேன். அன்னிக்குப் போனவன்தான். என் சம்சாரம் சோறு போடறா, பேசறதில்ல. ரெண்டு மாசமாச்சு. பரவாயில்ல மேடம், தொழில்னா அப்படித்தான்."

ரிப்போர்ட் பொய் சொல்லுமாடா. என் கையெழுத்தை நினைத்துப் பார்த்தேன். கீழே ஒரு கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்து, அழகாகப் போடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று நேற்று முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாயை என்ன செய்வது?

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்து போனேன். சோதித்த ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டை முத்திரையிட்டு ஆறு மாதம் வைத்திருப்போம். ஸ்டோர் அறையில் அவருடைய உறையைத் தேடும்போது இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். இருந்தது. மூன்றாவது முறை கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் ஒரு மனிதனை எல்லோர் முன்னாலும் திருடன் என்றார்கள். முத்திரையைக் கிழித்து, துண்டைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். அவரைச் சோதனைப் பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னேன். மீட்டர்காரர் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டார். புது ஒயரை எடுக்கவே இல்லை என்பதை ஒயர்காரர் இன்னும் கவனிக்கவில்லை.

பதினைந்து விநாடி காட்டி பர்னரை விலக்கினேன். ஒயரில் தீ நிலைத்து எரிந்தது, மஞ்சளாக, விரல் நீளத்துக்கு. ஒயர்காரர் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார். மூன்று முறையும் அப்படித்தான் எண்ணியிருப்பார், நான் பார்த்ததில்லை. இருபதைத் தாண்டியதும் தீ குறுகத் தொடங்கியது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியின் அருகே குனிந்தார்.

"இது நான் இப்பக் கொண்டாந்தது இல்லையே" என்றார். "நிறம் செவப்பா இருக்கு. இது அவன் போட்ட கலவை."

"ஆமாங்க. மூணாவது தடவை கொடுத்தது."

"அது பெயிலானதுதானே மேடம்?"

நான் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பர்னரைப் பார்த்தார், காஸ் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீயோடு புழங்குகிற தொழில்தான் அவருடையதும். எண்ணுவதை நிறுத்திவிட்டார். அணையக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், ஆனால் அதைத்தான் வேண்டினேன். இன்னும் கொஞ்சம் எரி, அறுபதைத் தாண்டு, நான் போட்ட கையெழுத்து சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் அவரும் கண்ணாடி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அதையே வேண்டுவதுபோல நின்றார். மீட்டர்காரர் மட்டும் நாற்பது, நாற்பத்தொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். தீ பட்டாணி அளவுக்குச் சுருங்கி, அடியில் நீலமாகி, சிவப்பு ஒயரின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.